ஸ்வப்பின் பங்காளிகள்

"ஸ்வப். அப்படின்னா தூங்கு" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இல்லை, ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

எங்கள் அகராதி வேலை எப்போதும் இப்படித்தான். ஒரு சமஸ்கிருத வேர்ச்சொல்லையும் அதன் குடும்பத்தையும் ஒருவர் வாசிப்பார், மற்றவர் கண்ணை மூடிக் கேட்பார். 'தப்பு' என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை நின்றுவிடும். சொல்லாவிட்டால் பக்கம் அச்சுக்குப் போய்விடும்.

அவர் குரல் தண்ணீருக்கு மேலேயிருந்து கேட்டது. நான் அடியில் கிடந்தேன். இதமாகத்தான் இருந்தது.

ஸ்வப்பிலிருந்து சொப்பனம் வந்தது. சொப்பனம்கூட எட்டாத ஆழ்ந்த தூக்கமான சுஷுப்தி வந்தது. தூக்கம் என்ற அதே அர்த்தத்தோடு கிரேக்கத்திலிருந்து ஹிப்னோஸும் லத்தீனிலிருந்து சோம்னஸும் வந்தார்கள். ஒரே பழைய வீட்டில் பிறந்து, பாகம் பிரித்துக்கொண்டு வேறு வேறு ஊருக்குப் போன இப்படிப்பட்ட சொற்களை நாங்கள் பங்காளிகள் என்போம்.

ஒவ்வொருவராக வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டார்கள். எனக்கும் கொஞ்சம் இடம் விட்டார்கள். இனி எழுந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது.

"சோபனமும் இந்தக் குடும்பம்தான்" என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. சொப்பனம் எங்கே, சோபனம் எங்கே! அது சுப் என்ற வேரின் பிள்ளை. சுபம், சோபை எல்லாம் அதன் கூடப்பிறந்தவை, ஒளிர்கிற குடும்பம். முகஜாடையை வைத்து எதிர்வீட்டுக்காரனைச் சொந்தக்காரன் என்கிறாரே.

தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். நாக்கு அசையவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

"சோம்பலும் இதுலேர்ந்து வந்ததுதான்."

அடப்பாவி மனுஷா! அது நம் தமிழ் வீட்டுச் சொல். அதைத் தூக்கி அங்கே தத்துக் கொடுக்கிறீர்களே. ஒரு புள்ளி விட்டுப்போனாலே சோறு இறங்காத மனிதர், இன்றைக்கு என்ன ஆயிற்று இவருக்கு? இந்தப் பக்கம் அச்சானால் மானம் கப்பலேறிவிடும். அட்டையில் என் பேரும் இருக்கிறது.

இந்த முறை நிஜமாகவே முயன்றேன். பங்காளிகளைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தேன். சுஷுப்தி என் காலைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத்தான் என்மேல் ரொம்பப் பிரியம்.

பக்கம் புரளும் சத்தமே கேட்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

செருப்புச் சத்தம் ஒன்று அருகில் வந்து நின்றது. ஒரு நர்ஸின் குரல். அகராதி ஆபீசில் நர்ஸுக்கு என்ன வேலை?

"தினமும் பேசிட்டே இருக்கீங்களே சார், அவங்களுக்குக் கேக்குதுன்னு டாக்டர் சொன்னாரா?"

"யாரும் சொல்லலம்மா. ஆனா தப்பா சொன்னா அவ விடமாட்டா."

மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் வந்தார்.

"சோபா இருக்குல்ல, அதுல படுத்துத் தூங்குறோமே, அதனால அதுவும் ஸ்வப்தான்."

காலை உதறினேன்.

"தப்பு" என்றேன். பாதிக் காற்றுதான் வந்தது.

என் கையைத் தடவிக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது.

"எது தப்பு?" என்று கேட்டார். எப்போதும் என்னோடு சண்டைக்கு நிற்கும் அந்தக் குரலில்தான் கேட்கப் பார்த்தார். பாவம், முடியவில்லை.