நாற்பது வளைவு

"கார்ல கரண்ட் குடுக்குற பழைய ஆல்டர்னேட்டர் அறுபது ஆம்பியர்தான் அண்ணே" என்று எலக்ட்ரீஷியன் சூசைராஜ் மார்கழியில் விளக்கினான். ஹெட்லைட்டுக்கு இவ்வளவு, ஃபேனுக்கு இவ்வளவு என்று ஓர் அட்டையில் எழுதிக் கழித்து, மிச்சத்தில் என் மனைவி மரகதத்தின் ஆக்ஸிஜன் மிஷின் ஓடாது என்று காட்டினான். வால்பாறையிலிருக்கும் அவள் தங்கையைப் பார்க்கக் கிளம்பி, மலைப்பாதையின் மூன்றாம் வளைவில் மிஷின் நின்று, அவளும் நானும் திரும்பி வந்ததற்கு அதுதான் காரணம். நூற்றுப்பத்து ஆம்பியரில் ஒன்று போடச் சொன்னேன். அது வந்துசேர ஆறு வாரம் ஆனது.

இன்று காலை கூப்பிட்டான். "மிஷினையும் கொண்டாங்கண்ணே. லோடு போட்டுப் பாத்துத்தான் வண்டியக் குடுப்பேன்."

கொண்டுபோய், பின்சீட்டில் அவள் வழக்கமாகச் சாயும் ஓரத்தில் வைத்தேன். என்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட், ஃபேன், காய்ந்த கண்ணாடியில் வைப்பர் எல்லாம் போட்டான். கடைசியாக மிஷின். மீட்டர் பதினான்கு வோல்ட்டிலேயே நின்றது. குழாயின் முனை வெறும் சீட்டில் கிடந்து ஊதிக்கொண்டிருந்தது.

"அசையல பாத்தீங்களா! கெணத்து மோட்டாரையே மாட்டலாம். இனி அண்ணிய தைரியமா கூட்டிட்டுப் போங்க."

அவள் இறந்து பதினோரு நாள் ஆகிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"நிறுத்திடவாண்ணே?"

"இரு சூசை" என்றேன். "மலைக்கு நாப்பது வளைவு இருக்கு. அவ்வளவு நேரமும் தாங்குதான்னு பாத்துடலாம்."