முதல் நாள் இன்டர்வெல்

லிங்கராஜபுரத்து மாடி வீடு ஒன்றில் இன்று காலைதான் பள்ளிக்கூடம் ஆரம்பித்திருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிறாள் என்று பள்ளியிலிருந்து நிறுத்திவிட்ட எட்டு வயது ஷெரின்தான் மாணவி. டீச்சர் அவள் அம்மா ஹெலன். பிள்ளை மிரண்டுவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் பள்ளி மாதிரியே வைத்திருக்கிறாள் ஹெலன். மணிக்குச் செல்போன் அலாரம். டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம்கூட உண்டு. இன்டர்வெல் மணி அடிக்கிறது. ஷெரின் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, வெயில் விழுந்து கிடக்கும் சாப்பாட்டு மேசையைத் தாண்டி, பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுகிறாள். தெருவில் பஸ் ஹாரன் ஓய்ந்ததும் உள்ளேயிருந்து ஸ்பூன் சத்தம் கேட்கிறது.

"உள்ள என்னடி பண்ற?"

"டிபன் சாப்பிடறேன் மம்மி."

"பாத்ரூம்லயா? அய்யே!"

"ஸ்கூல்ல டெய்லி பாத்ரூம்லதானே சாப்பிடுவேன். கிளாஸ்ல இருந்தா பசங்க புக்க நீட்டி, 'படிடி, படிச்சாதான் சோறு'ன்னு சிரிப்பாங்க. இங்க யாரும் வர மாட்டாங்க."

ஹெலனின் கை கதவிலேயே நின்றுவிடுகிறது. தினமும் துடைத்தாற்போல் காலியாக வரும் அந்த டப்பாவைக் காட்டி, "படிப்பு வராட்டி என்னங்க, ஸ்கூல்ல சந்தோஷமா சாப்பிடறாளே" என்று கணவனிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்! வெளியே வாடா என்று கூப்பிட வாய் திறக்கிறாள்; அதற்குள் மேசைமேல் செல்போன் அலறுகிறது. இன்டர்வெல் முடிகிற மணி, அவளே வைத்தது. உள்ளே டப்பா படக்கென்று மூடுகிறது, குழாய் திறக்கிறது.

"இதோ வந்துட்டேன், மிஸ்!"