எதிர்வீட்டு பிரிட்ஜ்

வாசல்வரை வர இடமிருந்தும், குடிவரும் சாமான்களை ஏற்றிய லொறியைத் தெருவிலிருந்து ஒழுங்கை திரும்பும் முனையிலேயே நிறுத்தச் சொன்னாள் நஸ்ரியா. அவள் கண் எதிர்வீட்டு கேற்றில் இருந்தது. அங்கே பர்ஹானா நின்றாள். போன கிழமை அவள் குடிவந்தபோது, இரட்டைக் கதவு பிரிட்ஜ் ஒன்றை நாலு பேர் சுமந்து போனதைப் பற்றித்தான் ஆலங்குடா ஊர் முழுக்கக் கதை.

"ரம்ஸீன் நானா, மொதல்ல பிரிட்ஜ எறக்குங்க. பத்திரம்!"

ரம்ஸீனும் மற்ற மூன்று சுமைகாரர்களும் அந்தப் பெரிய அட்டைப் பெட்டியைத் தூக்கினார்கள். ரம்ஸீனின் கழுத்து நரம்பு புடைத்தது. "யா அல்லாஹ், என்னா பாரம்!" என்று நடுவழியில் இறக்கிவைத்து மூச்சு வாங்கினார்.

"ரெண்டு கதவா?" என்று கேட்டாள் பர்ஹானா.

"ஓம். உங்கடதும் அப்படித்தானே?"

"ஓம் ஓம். கரண்ட் பில்தான் தாங்க ஏலா."

"அதச் சொல்லுங்க!"

பெட்டி உள்ளே வந்ததும் நஸ்ரியா கதவைச் சாத்தினாள். பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த நாலு தலையணைகளையும் வெளியே போட்டாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நாலு தலவாணிக்கு இவ்வளவு மூச்சு வாங்கினீங்களே நானா! பர்ஹானாட மொகத்தப் பாத்தீங்களா?"

"எங்களுக்கு இது பழக்கம் தங்கச்சி. எதிர் ஊட்டுக்கும் நாங்கதானே தூக்கின. அங்க பெட்டி உள்ளுக்குப் பழைய உடுப்பு."

நஸ்ரியாவின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆத்திரத்தோடு பெட்டியைக் கிழிக்கப் போனாள்.

ரம்ஸீன் பதறிப்போய்த் தடுத்தார்.

"ஐயோ, கிழிச்சிராதீங்க! நாளைக்கு மூலைல இரிக்கிற ஊட்டுக்கும் இந்தப் பெட்டியத்தான் தூக்கணும்."