வேலிக்கு மேலால் வந்த குற்றி

“எங்கை படுக்கிறதெண்டு தெரியாத சனியன்.”

வேலிக்கு அந்தப் பக்கம் சண்முகநாதன் ஆட்டைத் திட்டத் தொடங்கிவிட்டார்.

காருக்குக் கீழே கிடந்த ஜெயசுதனுக்குக் காது சுட்டது. அந்தப் பேச்சு ஆட்டுக்கு அல்ல, தனக்குத்தான் என்று அவனுக்குத் தெரியும். வேலியோர அரையடி நிலத்துக்காக மூன்று வருடங்களுக்கு முன் சண்டை பிடித்த அன்று, அவனோடு இனி ஒரு சொல்லும் கதைப்பதில்லை என்று சண்முகநாதன் பிள்ளையார் வாசலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்திருந்தார். அன்றிலிருந்து எல்லாம் சாடைதான். ஆட்டுக்கு ஏச்சு, கோழிக்கு ஏச்சு, சில நாளில் கிணற்று வாளிக்கும் ஏச்சு.

அவனுடைய மனைவி கோபிகாவுக்கு நிறைமாதம். கிடங்கு விழுந்த வீதியில் காரின் முன்பக்கம் அடிக்கிற அடியில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். கார் திருத்தும் கராச்சில் அடுத்த கிழமைதான் நாள் தந்தார்கள். பிள்ளை அதுவரை பொறுத்திருக்குமா? ஜெயசுதன் அந்த அடியைத் தாங்கப் புதிய சொக் அப்சோபர் இரண்டை வாங்கிவந்தான். யூரியூப்பில் மூன்று தரம் பார்த்தான். முற்றத்து மணலில் ஜக்கை வைத்துக் காரை உயர்த்தி, முன்சில்லைக் கழற்றினான். அடி நட்டு இறுகிக் கிடந்ததால் கீழேயும் புகுந்துவிட்டான்.

“மணலிலை ஊண்டின கட்டை எவ்வளவு நேரம் நிக்கும்? மூளையிருந்தால் எழும்பி வராதோ?”

ஜெயசுதன் பல்லைக் கடித்தான். அந்தாளுக்கு முப்பது வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த திமிர். தன்னை விட்டால் ஊரில் ஒருவருக்கும் வேலை தெரியாது என்ற நினைப்பு.

குசினி வாசலில் நின்ற கோபிகா, ஒருக்கால் வெளியே வந்து பார்க்கும்படி கெஞ்சினாள். அந்தாளின் சொல்லுக்கு எழும்பினால் தான் மனிசனே இல்லை என்றான் அவன். வேண்டுமென்றே இன்னும் ஒரு சாண் உள்ளே நகர்ந்தான்.

ஏச்சு நின்றுவிட்டது.

பிறகு, பெரிய மரக்குற்றி ஒன்று வேலிக்கு மேலால் வந்து காருக்குப் பக்கத்தில் விழுந்தது. மணல் அவன் முகத்தில் அடித்தது.

இது சாடை அல்ல. ஜெயசுதன் அரக்கி அரக்கி வெளியே வந்தான். ஸ்பனரும் கையுமாக வேலியடிக்கு ஓடினான்.

“கொலை செய்யவோ பாக்கிறாய்? வா வெளியாலை. கிழவன் எண்டும் பாக்கமாட்டன்.”

சண்முகநாதன் அவனுடைய தோளுக்கு மேலால் காரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னால் ஜக் சரிந்தது. கார் ஒரு பக்கமாக இடிந்து விழுந்தது.

அவன் கிடந்த இடத்தில் இப்போது ஒரு சாண் இடைவெளிகூட இல்லை.

ஒழுங்கைச் சனம் ஓடிவந்தது. அந்த மனிசன்தான் குற்றியால் எறிந்து காரை விழுத்தினவர் என்று கோபிகா குழறினாள். மூன்று வருடப் பகையைக் கண்ட சனத்துக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. வயது போயும் உந்தாளுக்கு நஞ்சு போகவில்லை என்றாள் முன்வீட்டு மீனாம்பிகை. அவளுடைய மகன் மயூரதன் பொலிசுக்குப் போன் எடுத்துவிட்டான்.

சண்முகநாதன் வேலித் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜெயசுதன் காரைப் பார்த்தான். குற்றி பட்ட அடையாளம் எங்கும் இல்லை. ஜக்கின் அடித்தட்டு ஒரு பக்கமாக மணலுக்குள் புதைந்து கிடந்தது. கீழே படுத்திருந்தவனுக்கு அது தெரிந்திருக்காது. வேலியடியில் நின்றவருக்குத் தெரிந்திருக்கும்.

குனிந்து குற்றியைப் புரட்டினான். எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. இரண்டு முனையும் மட்டமாக அறுக்கப்பட்டிருந்தது. டிப்போவில் எத்தனையோ பஸ்களைத் தாங்கித் தாங்கி அதன் தலை நசிந்திருந்தது.

“எறிஞ்சது உவர்தானே அண்ணை? ஆரின்ரை பேரைச் சொல்ல?” போனைக் காதில் வைத்தபடி மயூரதன் கேட்டான்.

ஜெயசுதன் வேலிப் பக்கம் திரும்பவில்லை. கோபம் இன்னும் குரலில் இருந்தது.

“போனை வை. நான்தான் அவரிட்டைக் குற்றி கேட்டனான்.”