சாம்பியனிடம் சில கேள்விகள்

ஸ்காட்லாந்துக் கடற்கரை மைதானத்தில் கோல்ஃப் கோப்பையை வென்ற கையோடு, டிவி கேமரா முன்னால் வந்து நின்றார் இன்னிஸ். காற்றை ஏமாற்றி அடித்த கடைசி அடியைப் பற்றிச் சொல்ல வாய் துடித்தது.

"வாழ்த்துகள்! இந்த நீல ஸ்வெட்டர் உங்க நிறத்துக்கு எடுப்பா இருக்கு. எங்க வாங்கினீங்க?" என்று ஆரம்பித்தார், பேட்டி எடுத்த ஷோனா.

"ஸ்வெட்டரா? கடையிலதான். அந்தக் கடைசி அடி இருக்கே..."

"அது கிடக்கட்டும். நீங்க ஊர் ஊரா ஆடப் போயிடறீங்க. வீட்டுல குழந்தைங்களுக்கு யாரு கஞ்சி காய்ச்சிக் குடுக்கிறாங்க?"

இன்னிஸின் முகம் சிவந்தது. "பாத்துக்க ஆள் இருக்கு."

"பாவம், பிள்ளைங்க ஏங்கிப் போயிடாதா? நீங்களும் போன வருஷத்தைவிடக் கொஞ்சம் பூசினாப்புல இருக்கீங்க. உடம்பைக் கவனிக்கக் கூடாதா? சரி, நேரமாச்சு. நன்றி!"

நேரலை முடிந்ததும் இன்னிஸ் வெடித்தார். "என்ன மேடம் இது? ஒரு ஆம்பளைகிட்ட கேக்கிற கேள்வியா இதெல்லாம்?"

"பெண்கள் கோப்பையை நான் ஆறு தடவை ஜெயிச்சிருக்கேன் தம்பி. ஒவ்வொரு தடவையும் கடைசி அடியைப் பத்திச் சொல்ல வாயைத் திறப்பேன். இதே கேள்விங்கதான் வந்து விழும். எனக்கு வேற கேள்வி தெரியாது."

அதற்குள் தயாரிப்பாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஷோனா, போன் ஓயவே இல்ல! ஆட்டத்தைப் பத்தி ஒரு கேள்விகூட இல்லையான்னு ஊரே திட்டுது!"

"அப்படியா?" என்றார் ஷோனா, மைக்கைக் கழற்றியபடி. "நான் ஆடின காலத்துல ஊருல யாருக்கும் போன் வேலை செய்யலை போலிருக்கு."