தங்கூசி அளவுக்கு ஒரு பெட்டி

"ஒரு குடும்பத்தின்ரை தரத்தை அந்தக் குடும்பம் வாயாலை சொல்லப்படாது. ரீவிக்குக் கீழை இருக்கிற பெட்டி சொல்லவேணும்."

மன்னார் பஸாரில், பவ்ஸானின் கணினிக் கடையில் நின்று இப்படிப் பிரகடனம் செய்தார் சிங்கராசா. அவருடைய வீட்டு ரீவிக்குக் கீழே அன்றைக்கு இருந்தது ஒரு பிஸ்கற் ரின். அதற்குள் இருந்ததும் பிஸ்கற் அல்ல, தையல் நூல்.

சிங்கராசா பேசாலையில் நண்டு வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் டினோஜாவைப் பார்க்க விடத்தல்தீவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மாப்பிள்ளை நிறோஜனுக்குக் கொழும்பில் கணினி வேலை. அவனுடைய படத்தைப் பார்த்த அன்று டினோஜா குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். ஆனால் மாப்பிள்ளையின் தகப்பன் மரிசலீன், நண்டு மணக்கிற வீட்டில் என் பிள்ளையின் படிப்பு ஆருக்கு விளங்கும் என்று தரகரிடம் கேட்டுவிட்டார்.

சிங்கராசாவும் தரகரிடமே பதில் கொடுத்தனுப்பினார். எங்கள் வீட்டில் தியேட்டரே இருக்கிறது, கணினியில் ஓடுகிறது, வந்து பார்க்கட்டும்.

இனித் தியேட்டர் வேண்டும். ரீவிக்கு மேலே திருஇருதய ஆண்டவரின் சுருவச் சிலை இருந்தது. அதை ஒரு விரல்கூட அசைக்க விடமாட்டேன் என்று மனைவி அன்ரோனெற் சொல்லிவிட்டாள். ஆகவே ரீவியை உயர்த்த வழியில்லை. கீழே மிஞ்சிய இடைவெளிக்குள்தான் பெட்டி அடங்கவேண்டும். வலை பொத்துகிற நைலோன் நூலான தங்கூசியில் முடிச்சுப் போட்டு, அந்த உயரத்தைச் சட்டைப்பையில் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார்.

கணினிச் சாமான்களைப் பூட்டுகிற கூடுகளில் பவ்ஸான் முதலில் எடுத்து வைத்தது கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஏழு நிறத்தில் வெளிச்சம் ஓடியது. கோயில் திருநாள் சோடினை வீட்டுக்குள் எதற்கு என்று சிங்கராசா அதைத் தள்ளிவிட்டார். கண்ணாடி என்றதும் அவர் முகம் போன போக்கைப் பவ்ஸான் கவனிக்கவில்லை. அடுத்தது படுக்கை வாக்கில் இருந்தது. தன் கலியாணத்துக்கு வாடகைக்கு எடுத்த வீடியோ டெக் போல இருக்கிறதாம். அதுவும் சரிவரவில்லை.

மூன்றாவது கறுப்பு அலுமினியம். கைக்கு அடக்கமாக, மேற்பக்கம் முழுக்க வலைத்தகடு போட்டிருந்தது. தங்கூசி முடிச்சுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. சிங்கராசா அதை நண்டுப் பெட்டியைப் போலவே நாலு பக்கமும் தட்டினார், மூக்கை வைத்து மணந்தார், கவிழ்த்துப் பார்த்தார்.

"தண்ணி வடியிற ஓட்டை எங்கை?"

"அண்ணன், இதுக்குக் காத்துப் போற ஓட்டைதான். மன்னார் வெக்கைக்கு மேலாலை சூடு போகவேணும். உப்புக் காத்துக்கும் கறள் பிடியாது."

பிறகு பவ்ஸான், இவ்வளவு சின்னப் பெட்டிக்கு உள்ளே போடுகிற சாமான்களும் சின்னதாகவே வேண்டும், கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தரட்டுமா என்று கேட்டான்.

"உள்ளுக்கு நடக்கிறது என்ரை பொறுப்பு, தம்பி. நீங்கள் வெளியைத் துடைச்சுத் தாங்கோ."

ஞாயிறு காலை, வாசலில் நின்ற அன்ரோனெற் பார்க்கும்படி, பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கி ரீவிக்குக் கீழுள்ள தட்டில் வைத்தார். பாரம் இல்லாததுதான் இப்போதைய தொழில்நுட்பம் என்று விளக்கமும் கொடுத்தார். ஒருவரும் விரல் வைக்கக் கூடாது என்றார்.

பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சிங்கராசா ரிமோட்டை அமத்த, படம் தொடங்கியது. மரிசலீன் பெட்டியின் பக்கம் காதைச் சாய்த்து, என்ன, ஒரு இரைச்சலும் இல்லையே என்று வியந்தார். தரமான பெட்டி இரையாது என்றார் சிங்கராசா. நிறோஜன் பெட்டியைப் பார்க்கவில்லை. டினோஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் பங்குச் சுவாமியார் உள்ளே வந்தார். அந்தக் கரையில் வள்ளமானாலும் மோட்டாரானாலும் புதிது எதுவும் மந்திரிக்காமல் புழங்குவதில்லை. அன்ரோனெற் கணவனைக் கேளாமலே சொல்லியனுப்பியிருந்தாள். வள்ளங்களை மந்திரித்துப் பழகிய கை அது. மூன்று வீச்சுத் தீர்த்தம், வள்ளத்தின் முன்முனை அணியத்தில் விழுவதைப் போல, பெட்டியின் வலைத்தகட்டில் விழுந்து உள்ளே இறங்கியது.

நிறோஜன் துள்ளி எழும்பினான். "ஐயா, கரண்டை நிப்பாட்டுங்கோ."

சிங்கராசா கதிரையோடு ஒட்டிப்போயிருந்தார்.

ஆனால் படம் நிற்கவில்லை. கதாநாயகன் ஆடிக்கொண்டேயிருந்தான். பெட்டியின் அடியால் தீர்த்தம் சொட்டியது. சுவாமியார் தன் தீர்த்தச் செம்பை ஒருதரம் திருப்பிப் பார்த்தார். மரிசலீன் எழும்பி நெஞ்சில் சிலுவை போட்டார்.

"புதுமை," என்றார். "நான் கண்ணாலை கண்ட ஆண்டவரின்ரை புதுமை."

அன்ரோனெற் செபமாலையை எடுத்துவிட்டாள். தரகர் தரையில் முழங்கால் போட்டார். நிறோஜன் பெட்டிக்கு முன்னால் குனிந்து மேல்மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தான். கனநேரம் பார்த்தான். சிங்கராசாவின் காதுகள் அவித்த நண்டின் நிறத்துக்கு வந்தன. வாசல் மறைவில் டினோஜா தாவணி நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

நிறோஜன் அவளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான். மூடியைப் பழையபடி மெதுவாகப் பூட்டினான்.

"ஒண்டுக்கும் பழுதில்லை, மாமா," என்றான்.

அவன் வாயில் முதல் தரம் வந்த அந்த 'மாமா'வைக் கேட்டதும், ஆண்டவரே அடையாளம் காட்டின வீட்டில் இனிக் கதைக்க என்ன இருக்கிறது என்று மரிசலீன் அந்த இடத்திலேயே சுவாமியாரிடம் கலியாணத்துக்கு நாள் கேட்டார்.

பெட்டிக்குள் பவ்ஸான் கடைத் திருகாணிப் பொட்டலம் ஒன்று மட்டும் நனைந்து கிடந்தது. படம், ரீவியின் முதுகில் செருகியிருந்த பென் டிரைவில் ஓடிக்கொண்டிருந்தது.