வடிவின் டெலிபோன் கம்பெனி

ஒரு தோப்பில் வடிவு என்ற சிலந்தி குடும்பத்தோடு டெலிபோன் கம்பெனி நடத்தி வந்தாள். மாமனார் இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்த ஒற்றை நூலில் தொடங்கிய கம்பெனி, இப்போது எட்டு மரங்களுக்கு வளர்ந்திருந்தது. புருஷன் மாசானம் நூல் இழுப்பான். வடிவு நடுவில் உட்கார்ந்து, நூலோடு நூலை முடிந்து இணைப்புக் கொடுப்பாள். கொடுத்த பிறகும் நூலிலிருந்து காலை எடுக்காமல் பேச்சைக் கேட்பாள்.

ஒருநாள் அணில் சண்டைக்கு வந்தது. "நானும் என் வீட்டுக்காரியும் பேசுறப்ப நடுவுல நீ எதுக்கும்மா சிரிக்கிற? இன்னொரு தடவை ஒட்டுக்கேட்டா, எல்லாரும் நூலை அறுத்துட்டுப் போயிடுவோம்."

"இனிமே கேட்கவே மாட்டேண்ணே" என்று வடிவு சத்தியம் செய்தாள்.

மூன்று நாள் கால் நமநமவென்று அரித்தது. நான்காம் நாள் தாங்க முடியாமல் ஒரு நூலை லேசாகத் தொட்டாள். அணிலின் மனைவி தன் அக்காவிடம் அழுதுகொண்டிருந்தாள். "மரத்துல சாரைப்பாம்பு ஏறுதுக்கா! அவர் வேற வீட்டுல இல்லை. பிள்ளைங்களைத் தூக்கிட்டு எங்க ஓடுவேன்?"

வடிவு பதறிப்போய்ப் புருஷனிடம் சொன்னாள். "சும்மா இரு. வெளியே சொன்னா நம்ம கம்பெனி போச்சு" என்றான் மாசானம்.

வடிவு ஒரு கணம்தான் யோசித்தாள். எட்டு நூலையும் ஒன்றாக இழுத்து, "அணில் வீட்டுல பாம்பு!" என்று கத்தினாள். காக்கைகள் கூட்டமாக வந்து பாம்பைக் கொத்தி விரட்டின.

சாயங்காலம் அணில் வந்தது. "சத்தியம் பண்ணினியே, அப்புறம் எப்படி உனக்குத் தெரிஞ்சுது?"

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். "கால் வழுக்கி நூல் மேல பட்டுடுச்சுண்ணே."

அணில் வாலைத் தடவிக்கொண்டது. "சரி, வழுக்கின கால் வழுக்கினபடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போயிற்று.